‘சரி’ என்றது யாருக்கு? திரைவாசிப்பானில் மின்னஞ்சல் இழைகளைப் படிப்பது

ஒரு சின்னச் சங்கம். ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும். செயலாளர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுகிறார்: ‘கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்கலாமா, ஞாயிற்றுக்கிழமையா?’ பொருளாளர் அதற்குப் பதில் எழுதுகிறார்: ‘எந்த நாளானாலும் எனக்குச் சம்மதம். மண்டபத்துக்கு இப்போதைக்குப் பாதிப் பணம் மட்டும் கட்டுவோம்.’ அரை மணி நேரம் கழித்துத் தலைவர் எழுதுகிறார்: ‘சனிக்கிழமையே வைத்துவிடலாம்.’ அப்புறம் செயலாளரிடமிருந்து இன்னொரு மடல்: ‘சரி, அப்படியே செய்துவிடலாம்.’

எதற்குச் சரி? வந்த வரிசையில் கேட்டால், கூட்டம் சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் செயலாளர் பதில் எழுதியது தலைவருக்கு அல்ல, பொருளாளருக்கு. பாதிப் பணம் கட்டுவதற்குத்தான் அந்தச் சரி. நாள் இன்னும் முடிவாகவில்லை.

பார்வையுள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. பட்டியலில் பதில்கள் உள்தள்ளி நிற்கும். எது எதன் கீழே இருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் நமக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான் காதில் விழுகிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வரும். அந்தக் கோட்டிலிருந்து கிளைகளை நாமே மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இதைத் தங்கள் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நிச்சயமாக இல்லை. வடிவம் தெரியாமல் விசைகளை மட்டும் மனப்பாடம் செய்வதால் வரும் தடுமாற்றம் அது. அதனால் இந்தக் கட்டுரையில் வடிவம் முதலில், விசைகள் பிறகு.

இழை எப்படி உருவாகிறது

ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும், அந்தப் பதில்களுக்கு வந்த பதில்களும் சேர்ந்தது ஓர் இழை. நிரல்களில் இது ‘திரெட்’ என்றோ ‘கான்வர்சேஷன்’ என்றோ வரும். பெயர் இழை என்றாலும் உருவம் மரம்தான். முதல் மடல் அடிமரம். அதற்கு நேராக வந்த பதில் ஒவ்வொன்றும் ஒரு கிளை. கிளைக்கு வந்த பதில் இன்னொரு சிறு கிளை. மேலே சொன்ன நான்கு மடல்களில் அடிமரம் செயலாளரின் கேள்வி. பொருளாளரும் தலைவரும் இரண்டு கிளைகள். செயலாளரின் ‘சரி’ பொருளாளரின் கிளையில் மேலும் ஒரு தளிர்.

எது எதன் பதில் என்று நிரலுக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு மின்னஞ்சலும் கிளம்பும்போது அதற்கென்று தனி அடையாள எண் ஒன்று ஒட்டப்படுகிறது. அதன் பெயர் ‘மெசேஜ் ஐடி’. நீங்கள் ‘ரிப்ளை’ கொடுத்ததும் உங்கள் மடலின் தலைப்பகுதியில், கண்ணிலும் காதிலும் படாத இடத்தில், ‘இன்ன அடையாளம் கொண்ட மடலுக்கு இது பதில்’ என்று ஒரு வரி சேர்கிறது. அதற்குப் பெயர் ‘இன் ரிப்ளை டூ’. அதோடு ‘ரெஃபரென்சஸ்’ என்று இன்னொரு வரியில் மூதாதை மடல்களின் அடையாளங்கள் வரிசையாக வரும். இந்த ஏற்பாடு புதியதல்ல. 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற விதித்தொகுப்பிலேயே இந்த மூன்று வரிகளும் இருக்கின்றன. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5322 அவற்றை இன்னும் தெளிவாக வரையறுத்தது.

இதைத் தெரிந்துகொள்வதால் அன்றாடப் பயன் ஒன்று உண்டு. யாரோ ஒருவர் பழைய மடலை எடுத்து ‘ரிப்ளை’ கொடுத்து, பொருள் வரியை மாற்றிவிட்டு முற்றிலும் வேறு விஷயம் எழுதினால், அடையாளத்தை மட்டும் நம்பும் நிரல் அதைப் பழைய இழைக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கும். நீங்கள் அந்தப் பழைய இழையை மூடி வைத்திருந்தால் புதிய விஷயம் காதுக்கே வராமல் போகலாம். அதேபோல, ஒருவர் ‘ரிப்ளை’ கொடுக்காமல் புது மடலாக எழுதினால், பொருள் வரி ஒன்றாகவே இருந்தாலும் அது தனியாகப் பிரிந்து நிற்கக்கூடும். ஜிமெயில் பொருள் வரியையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது: பொருள் வரி மாறினால் புது உரையாடலாகப் பிரித்துவிடும்; 100 மடல்களைத் தாண்டினாலும் பிரித்துவிடும். இழை திடீரென்று அறுந்தது போலத் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பொருள் வரியின் முன்னால் வரும் ‘ரீ’ பற்றி ஒரு சிறு செய்தி. அது ‘ரிப்ளை’ என்பதன் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ‘இன் ரீ’ என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது அது. ‘இந்த விஷயத்தில்’ என்று பொருள். காதால் கேட்பவருக்கு அது வேறு ஒரு வகையில் தொல்லை தருகிறது. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வகைக் காட்சிகள்

நீங்கள் பயன்படுத்தும் நிரல் மரத்தை மரமாகவே காட்டுகிறதா, தட்டையாக்கிக் காட்டுகிறதா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது.

கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரல் மரமாகக் காட்டும் வகை. பட்டியலில் இழையின் முதல் மடல் மட்டும் இருக்கும். திரைவாசிப்பான் அதைப் படிக்கும்போது ‘மூடியிருக்கிறது’ என்று பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லும். வலது அம்பை அழுத்தினால் விரியும். கீழ் அம்பில் இறங்கினால் பதில்கள். எந்த மடல் எத்தனையாவது நிலையில் இருக்கிறது என்பதைத் திரைவாசிப்பான் எண்ணாகச் சொல்லும். ‘நிலை 2’ என்றால் முதல் மடலுக்கு நேர்ப் பதில். ‘நிலை 3’ என்றால் பதிலுக்குப் பதில். கண்ணுக்கு உள்தள்ளல் என்ன சொல்கிறதோ, அதைத்தான் காதுக்கு இந்த எண் சொல்கிறது. வேகமாகப் படிக்கும் பழக்கத்தில் இந்த எண் வருவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியையும் முழுதாகக் கேளுங்கள்.

நம் சங்க மடல்கள் அங்கே இந்த வரிசையில் வரும்: செயலாளரின் கேள்வி, நிலை 1. பொருளாளர், நிலை 2. செயலாளரின் ‘சரி’, நிலை 3. தலைவர், மறுபடி நிலை 2. நேரத்தின்படி கடைசியாக வந்த ‘சரி’ இங்கே தலைவருக்கு முன்னால் வந்துவிட்டது. எண் 3இலிருந்து 2க்குத் திரும்பும் இடத்தில் ஒரு கிளை முடிந்து இன்னொரு கிளை தொடங்குகிறது. குழப்பம் அதோடு தீர்ந்தது.

ஜிமெயில் தட்டையாக்கும் வகை. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோதே மடல்களை உரையாடல்களாகக் கட்டி வைக்கும் முறையோடுதான் வந்தது. ஆனால் உள்ளே கிளைகள் கிடையாது. பழையது மேலே, புதியது கீழே என்று நேர வரிசை மட்டும்தான். இங்கே செயலாளரின் ‘சரி’ தலைவரின் மடலுக்கு அடுத்து வந்து நிற்கும். நிலை எண் எதுவும் வராது.

அப்படியென்றால் யாருக்குச் சொன்ன சரி என்று ஜிமெயிலில் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த மடலின் அடியில் மேற்கோளாக ஒட்டியிருக்கும் பழைய மடலைக் கேட்க வேண்டும். ஜிமெயில் அதை மறைத்து வைத்து, ‘வெட்டப்பட்ட பகுதியைக் காட்டு’ என்று பொருள்படும் ஒரு பொத்தானை அங்கே விட்டிருக்கும். அதை அழுத்தினால் பொருளாளரின் வரிகள் வெளிவரும். மேற்கோள் வால் என்றாலே எரிச்சல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தட்டைக் காட்சியில் கிளையைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயம் அந்த வால்தான். அதனால் அதை வெறுக்காமல், எப்போது கேட்பது, எப்போது தாண்டுவது என்று மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

அவுட்லுக்கிலும் உரையாடலாகக் காட்டும் வசதி உண்டு. ‘வியூ’ பகுதியில் ‘ஷோ ஆஸ் கான்வர்சேஷன்ஸ்’ என்று இருக்கும். வலது அம்பு விரிக்கும், இடது அம்பு மூடும். அங்கே பொதுவாகப் புதியது மேலே வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஜிமெயிலிலிருந்து அவுட்லுக்குக்கு மாறியவர்கள் கடைசி மடலைத் தேடி அடிவரை போய், பழைய மடலைப் புதியது என்று எண்ணிப் பதில் எழுதிவிடுவதுண்டு. சந்தேகம் வந்தால் தேதியைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரையாடல் காட்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதை அணைத்துவிடலாம். ஜிமெயிலின் அமைப்புகளில் பொதுப் பகுதியில் ‘கான்வர்சேஷன் வியூ’ என்ற தேர்வு இருக்கிறது. தண்டர்பேர்டில் ‘வியூ’ பட்டியலில் ‘சார்ட் பை’ என்பதற்குள் ‘அன்திரெடட்’ என்று இருக்கும். ஐபோனின் மெயில் அமைப்புகளில் ‘ஆர்கனைஸ் பை திரெட்’ என்ற சுவிட்சை அணைத்தால் போதும். அணைத்தால் ஒவ்வொரு மடலும் பட்டியலில் தனி வரியாக வரும். ஜிமெயிலில் இந்தத் தேர்வே 2010இல்தான் வந்தது. பார்வையுள்ள பயனர்களில் பலரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வாரம் தனித்தனி மடலாகப் படித்துப் பழகிவிட்டு, பிறகு இழைக்கு மாறுவது நல்ல வழி என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு 10 மடல்தான் வருகிறது என்றால் மாறவே வேண்டியதில்லை.

விசை யாருக்குப் போகிறது

உலாவியில் மின்னஞ்சல் படிப்பவர்களை அதிகம் குழப்புவது இது. எழுத்து விசை ஒன்றை அழுத்தினால், அதைத் திரைவாசிப்பான் எடுத்துக்கொள்கிறதா, மின்னஞ்சல் நிரல் எடுத்துக்கொள்கிறதா?

விண்டோஸ் கணினிக்கான திரைவாசிப்பான்களில் ஒன்றான என்விடிஏவில் இரண்டு நிலைகள் உண்டு. உலாவும் நிலையில் எழுத்து விசைகள் திரைவாசிப்பானுக்குச் சொந்தம்: ‘ஹெச்’ அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகும், ‘கே’ அடுத்த இணைப்புக்கு, ‘பி’ அடுத்த பொத்தானுக்கு, ‘ஈ’ அடுத்த எழுதும் பெட்டிக்கு. குவிய நிலையில் அதே விசைகள் நேராக நிரலுக்குப் போய்ச் சேரும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம்; மாறும்போது ஒரு சின்ன ஒலி வரும். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானில் இதே வேலையை இன்சர்ட்டும் ‘இசட்’டும் செய்கின்றன; அங்கே இதற்கு விர்ச்சுவல் கர்சர் என்று பெயர்.

ஜிமெயிலுக்குச் சொந்தமான ஒற்றை எழுத்து விசைகள் உண்டு. அவற்றை முதலில் அமைப்புகளில், பொதுப் பகுதியில், இயக்கி வைக்க வேண்டும். பட்டியலில் ‘ஜே’ அடுத்த பழைய உரையாடலுக்கும் ‘கே’ அதைவிடப் புதியதற்கும் போகும். உரையாடலைத் திறந்தபின் ‘என்’ அடுத்த மடல், ஆங்கிலத்தில் 16ஆம் எழுத்தான ‘பீ’ முந்தைய மடல். என்டர் அந்த மடலை விரிக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். அரைப்புள்ளி எல்லா மடல்களையும் விரித்துவிடும். முக்கால்புள்ளி எல்லாவற்றையும் மூடிவிடும். ‘யூ’ அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்பலாம். கேள்விக்குறியை அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும்.

இப்போது ஆபத்து எங்கே என்று பாருங்கள். என்விடிஏவின் உலாவும் நிலையில் ‘ஈ’ என்றால் எழுதும் பெட்டி. ஜிமெயிலில் ‘ஈ’ என்றால் ஆர்க்கைவ், அதாவது அந்த உரையாடலை உள்பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடு. எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் பதில் பெட்டியைத் தேடி ‘ஈ’ அழுத்தினால், இழை மொத்தமும் கைக்கு எட்டாமல் போனது போல இருக்கும். பதறாதீர்கள். மடல் அழியவில்லை. உடனே ‘இசட்’ அழுத்தினால் செய்ததைத் திரும்பப் பெறலாம். தாமதமாகிவிட்டால் ‘ஆல் மெயில்’ பகுதியில் அப்படியே இருக்கும். யாராவது புதிதாகப் பதில் எழுதினால் உரையாடல் தானாகவே உள்பெட்டிக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்கில் பழகியபின்னும் எனக்கு இது நடந்திருக்கிறது. எழுத்து விசையை அழுத்துமுன் நிலையை ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வேலை செய்யும் முறையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: மடலிலிருந்து மடலுக்குத் தாவக் குவிய நிலை, ஒரு மடலை நின்று படிக்க உலாவும் நிலை. உரையாடலைத் திறந்தபின் உலாவும் நிலையில் ‘ஹெச்’ அழுத்திப் பாருங்கள். பொருள் வரி ஒரு தலைப்பு. அதன் கீழே அனுப்பியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் அடுத்த நிலைத் தலைப்பு. அதனால் தலைப்பு விசையையே அழுத்திக்கொண்டு போனால், யார் யார் எந்த வரிசையில் பேசினார்கள் என்று பெயர்கள் மட்டும் காதில் விழும். ஓர் இழையைத் திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை இதுதான். ஒரு வரியும் படிக்காமல், முதலில் பெயர்களை மட்டும் கேட்பேன். ஐந்து பேரா, இரண்டே பேர் மாறி மாறிப் பேசுகிறார்களா, எனக்குத் தேவையான ஆள் கடைசியாக எங்கே பேசினார் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தண்டர்பேர்டில் இந்த இரட்டை நிலைக் குழப்பம் மடல் பட்டியலில் இல்லை. விசை நேராக நிரலுக்கே போகும். நட்சத்திரக் குறி எல்லா இழைகளையும் விரிக்கும், பின்சாய்வுக் கோடு எல்லாவற்றையும் மூடும். ‘என்’ அடுத்த படிக்காத மடலுக்குப் போகும். ‘ஆர்’ அந்த இழை முழுவதையும் படித்ததாகக் குறித்துவிடும். ‘கே’ அந்த இழையைப் புறக்கணிக்கச் சொல்லும்; தெரியாமல் அழுத்திவிட்டால் இழை பட்டியலிலிருந்து மறைந்துவிடும் என்பதால் அதில் மட்டும் கவனம். கிளை ஒன்றில் ஆழமாக இருக்கும்போது இடது அம்பை அழுத்தினால், அந்த மடல் எதற்குப் பதிலோ அந்தத் தாய் மடலுக்கே கொண்டுபோய்விடும். ‘இது யாருக்குச் சொன்னது’ என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான விடை வேறு எங்கும் கிடையாது.

ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்காதிருக்க

இழையில் எல்லா மடலுக்கும் பொருள் வரி ஒன்றுதான். ‘ரீ, ஆண்டுக் கூட்டம்’ என்று 20 முறை கேட்டால் 20 முறையும் புதிதாக ஒன்றும் தெரியாது. அனுப்பியவர் பெயர் அதற்குப் பின்னால்தான் வரும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு விநாடி வீணாகிறது. நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அது கொஞ்சமல்ல.

தண்டர்பேர்டின் அட்டவணைக் காட்சியிலும் கணினியில் நிறுவும் பழைய வகை அவுட்லுக்கிலும் பட்டியலின் நெடுவரிசைகளை இடம் மாற்றலாம், வேண்டாதவற்றை மறைக்கலாம். அனுப்பியவர் பெயரை முதலில் வையுங்கள், அடுத்து தேதி, கடைசியில் பொருள் வரி. பெயர் கேட்டதுமே அடுத்த வரிக்கு இறங்கிவிடலாம். இதைச் செய்ய ஒரு தடவை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் சரி, அந்தப் பத்து நிமிடம் செலவழிக்கத் தகுந்தது.

மேற்கோளைத் தாண்டுவது

இனி ஒரு மடலின் உள்ளே. பதில் எழுதுபவர்களில் மூன்று வகை உண்டு. புதிய வார்த்தைகளை மேலே எழுதிவிட்டுப் பழைய மடலை அடியில் அப்படியே விடுபவர்கள் முதல் வகை. பழையதை மேலே வைத்துவிட்டுத் தன் பதிலைக் கடைசியில் எழுதுபவர்கள் இரண்டாம் வகை. பழையதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே பதில் எழுதுபவர்கள் மூன்றாம் வகை.

முதல் வகை காதுக்கு எளிது. திறந்ததும் புதியது வந்துவிடும். ‘இன்ன தேதியில் இன்னார் எழுதியது’ என்ற அறிமுக வரி காதில் விழுந்ததும் கண்ட்ரோல் விசையை அழுத்திப் பேச்சை நிறுத்திவிடுங்கள். புதிய விஷயம் முடிந்தது என்பதற்கு அந்த வரிதான் அடையாளம். நிறுத்துவதும் ஒரு திறமைதான். மடலின் கடைசிவரை கேட்டால்தான் படித்ததாக அர்த்தம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் வகைக்கு வேறு உத்தி. மடலின் அடிக்கு, கண்ட்ரோலும் எண்டும் சேர்த்து, நேராகப் போய்விட்டு மேல் அம்பில் ஒவ்வொரு வரியாக ஏறி வாருங்கள். கையெழுத்துப் பகுதியைத் தாண்டியதும் புதிய வரிகள் கிடைக்கும். உலாவியில் இதைச் செய்தால் பக்கத்தின் அடிக்கே போய்விடும். மடலைத் தனிச் சாளரத்தில் திறந்து படித்தால்தான் சரியாக வரும். பொதுவாகவே நிறுவிய நிரல்களில் மடலை என்டர் கொடுத்துத் தனிச் சாளரத்தில் திறந்து, படித்துவிட்டு எஸ்கேப் கொடுத்து மூடுவது, பக்கப் பலகத்தில் படிப்பதைவிட நிம்மதி. பட்டியலில் விட்ட இடத்துக்கே திரும்பி வரலாம்.

மூன்றாம் வகைதான் காதுக்குச் சவால். யாருடைய வாக்கியம் எங்கே முடிந்தது, யாருடையது எங்கே தொடங்கியது? எளிய உரை மடல்களில் மேற்கோள் வரி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘பெரிது’ என்ற கணிதக் குறி இருக்கும். திரைவாசிப்பான் அதை வரிக்கு வரி சொல்லும். மேற்கோளுக்குள் மேற்கோள் என்றால் இரண்டு முறை, மூன்று முறை. சலிப்பாக இருக்கிறதே என்று, என்விடிஏ விசையோடு ‘பீ’ அழுத்திக் குறியீடுகளைச் சொல்லும் அளவைக் குறைக்கலாம். குறைத்தால் சத்தம் அடங்கும். ஆனால் பழைய வரியும் புதிய வரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலைவர் சொன்னது செயலாளர் சொன்னது போலக் கேட்கத் தொடங்கும். அதனால் மூன்றாம் வகை மடல் வரும்போது மட்டும் குறியீட்டு அளவை உயர்த்திக்கொள்வேன், மற்ற நேரத்தில் தாழ்த்தி வைப்பேன்.

வடிவமைத்த மடல்களில் மேற்கோள்கள் பெரும்பாலும் ‘பிளாக் கோட்’ என்ற அமைப்புக்குள் இருக்கும். என்விடிஏவின் உலாவும் நிலையில் ‘கியூ’ விசை ஒரு மேற்கோளிலிருந்து அடுத்ததற்குத் தாவும். மேற்கோளுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அறிவிப்பு வரும். வெளியேறும் அறிவிப்பைக் காத்திருந்து கேளுங்கள், புதிய வார்த்தை அதற்கடுத்துத்தான் வரும்.

1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பு, பதில் எழுதும்போது மூல மடலின் சாரத்தை மேலே சுருக்கிச் சொல்லுங்கள், அல்லது சூழல் புரியும் அளவுக்கு மட்டும் மூல வரிகளை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. திரைவாசிப்பானை மனதில் வைத்து எழுதியதல்ல அது. ஆனாலும் காதால் படிப்பவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. ஒரே ஒரு வரி மேற்கோள், அதன் கீழே பதில் என்று வெட்டி எழுதினால் மூன்றாம் வகையும் அழகாகவே கேட்கும். ‘பாதிப் பணம் கட்டும் யோசனைக்குச் சரி’ என்று செயலாளர் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்திக்கு வேலையே இருந்திருக்காது. உங்களோடு அடிக்கடி மடல் எழுதுபவர்களிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். அன்பாகச் சொன்னால் செய்துவிடுவார்கள். அவர்களுக்கும் அது நல்லதுதான்.

பதில் எழுதும்போது

இழைக்குள் ‘ரிப்ளை’ கொடுத்தால், நீங்கள் எந்த மடலில் நிற்கிறீர்களோ அதற்குத்தான் பதில் போகும். கடைசி மடலுக்குத்தான் போகும் என்று எண்ண வேண்டாம். தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் தலைவரின் மடலில் நின்றுகொண்டு கொடுங்கள். உங்கள் கிளை சரியான இடத்தில் துளிர்க்கும். ஜிமெயிலில் ‘ஆர்’ அனுப்பியவருக்கு மட்டும், ‘ஏ’ எல்லோருக்கும். தண்டர்பேர்டிலும் பழைய வகை அவுட்லுக்கிலும் கண்ட்ரோலும் ‘ஆர்’உம் அனுப்பியவருக்கு; கூடவே ஷிஃப்டையும் சேர்த்தால் எல்லோருக்கும். அனுப்புமுன் ஷிஃப்ட் டேப் கொடுத்துப் பின்னால் போய், பெறுநர் பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் சொல்ல நினைத்ததை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் திரும்ப எடுப்பது கடினம்.

புதிய விஷயம் என்றால் புதிய மடல் எழுதுங்கள். முகவரிகளைத் தேட சோம்பல்பட்டுப் பழைய மடலுக்குப் பதில் கொடுக்காதீர்கள்.

கைப்பேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் உடன் கைப்பேசிக்கு வந்தது; ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு டாக்பேக் இருக்கிறது. இரண்டிலும் தலைப்பு வாரியாக நகரும் வசதி உண்டு. வாய்ஸ்ஓவரில் ரோட்டரை, அதாவது எதன்படி நகர்வது என்று இரண்டு விரல்களால் திருகித் தேர்ந்தெடுக்கும் வசதியை, தலைப்புகளுக்குத் திருப்பி, ஒரு விரலால் கீழே தள்ளிக்கொண்டே போகலாம். ஐபோன் மெயில் அமைப்புகளில் புதிய மடலை மேலே வைக்கவும், படித்த மடல்களைச் சுருக்கி வைக்கவும் தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன. இரண்டையும் இயக்கிப் பாருங்கள். ஆனால் நீண்ட இழைகளைக் கைப்பேசியில் படிக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேலோட்டமாகப் பார்க்க மட்டும் அது. கிளைகளைப் பின்தொடர விசைப்பலகைதான் வசதி.

பழகிப் பார்க்க

உண்மையான இழையில் பழகினால் தவறி எதையாவது அழித்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும். அதனால் நீங்களே ஒரு மரம் நட்டுக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டில் உங்கள் முகவரிக்கே ஒரு மடல் அனுப்புங்கள். பொருள் வரி ‘பயிற்சி’. உள்ளே ‘ஒன்று, செயலாளர்’ என்று மட்டும் எழுதுங்கள். வந்து சேர்ந்ததும் அதற்கு ஒரு பதில்: ‘இரண்டு, பொருளாளர்’. மறுபடி அந்த முதல் மடலுக்கே திரும்பிப் போய் இன்னொரு பதில்: ‘மூன்று, தலைவர்’. கடைசியாக, இரண்டாம் மடலில் நின்றுகொண்டு ஒரு பதில்: ‘நான்கு, சரி’. எல்லாமே உங்கள் பெயரில்தான் வரும் என்பதால் இந்த எண்கள் இல்லாமல் ஒன்றும் புரியாது, அவற்றை விட்டுவிடாதீர்கள்.

இழையை மூடுங்கள், விரியுங்கள். கீழ் அம்பில் இறங்கி நிலை எண்களைக் கேளுங்கள்: 1, 2, 3, 2 என்று வர வேண்டும். 3 என்று கேட்கும் இடத்தில் நின்று என்டர் கொடுத்து, ‘நான்கு, சரி’ என்று படிக்கிறதா பாருங்கள். மடலை மூடிப் பட்டியலுக்குத் திரும்புங்கள்: தனிச் சாளரத்தில் திறந்திருந்தால் எஸ்கேப், தாவலில் திறந்திருந்தால் கண்ட்ரோலும் ‘டபிள்யூ’வும். அதே வரியில் நின்று இடது அம்பை ஒரு முறை அழுத்தி, இப்போது நிற்கும் மடலைத் திறந்தால் ‘இரண்டு, பொருளாளர்’ என்று கேட்கும்.